ஒரு காதைத் திறந்து வை

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

விடுதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டும் நான் நலமாகவே இருக்கிறேன். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்?

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக வார்டன் அறை வாசலில் வரிசையில் நின்று உனக்குப் போன் செய்கிறேன். மூன்று முறையும் அண்ணிதான் எடுத்தார். மூன்று முறையும் நீ குளித்துக்கொண்டிருக்கிறாயாம். ஒரு மனிதன் அப்படி என்ன குளிப்பான்? எனக்குப் பின்னால் பதினாறு பெண்கள் நிற்கிறார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம்தான். அதில் நாலு நிமிடம் நீ வருவாய் என்று காத்திருந்து, மீதி ஒரு நிமிடம் அண்ணியிடம் "சரி அண்ணி, சரி அண்ணி" என்று சொல்லிவிட்டு வைக்கிறேன். எரிச்சலாக வருகிறது.

டைப்பிஸ்ட் வேலையை விட்டுவிட்டு இருபத்தேழு வயதில் சட்டம் படிக்கப் போ என்று பிடித்துத் தள்ளியவன் நீ. என்ன படிக்கிறேன் என்றாவது கேட்க வேண்டாமா? நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இந்த வருடம் தீங்கியல் சட்டம். ஒருவர் செய்த காரியத்தால், அல்லது செய்யாமல் விட்டதால், இன்னொருவருக்குத் தீங்கு வந்தால் யார் ஈடு செய்வது என்கிற பாடம். அவருக்குக் கவனமாக இருக்கும் கடமை இருந்ததா? அதை மீறினாரா? மீறியதால்தான் தீங்கு வந்ததா? இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எதைப் பார்த்தாலும் வழக்காகத் தெரிகிறது. விடுதிப் படியில் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். தூக்கிவிடாமல், "ஈரமா இருக்குன்னு பலகை வெச்சிருந்தாங்களா?" என்று கேட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

பாடம் எடுப்பவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அப்புறம் மேடம். என்ன பதில் சொன்னாலும் "அப்புறம்?" என்பார். பதில் சரியா தப்பா என்று சொல்லவே மாட்டார்.

இந்த ஞாயிறாவது குளிக்காமல் இரு.

இப்படிக்கு, உன் ரேடியோ

*

ஜூன் 24

ரேடியோவுக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்கு முழங்கால் வலி, அது பழைய கதை. நீ வேளைக்குச் சாப்பிடு.

போனெல்லாம் வேண்டாம். கடிதம் எழுது. நாளைக்கு மனு எழுதக் கை பழகும். வரிசையில் நிற்கிற நேரத்தில் நாலு பக்கம் படிக்கலாம்.

உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் டப்பா மூடிக் கம்பெனியில், பிரஸ் பிரிவில், என்னோடு வேலை செய்கிற ஒரு ஆள். பத்தொன்பது வருஷ சர்வீஸ். பிரஸ் சத்தம் எப்படி இருக்கும் என்று நீ ஒரு தரம் வந்தபோது கேட்டிருக்கிறாய். கம்பெனி எல்லோருக்கும் காதுமூடி கொடுக்கிறது. தினமும் காலையில் வாங்கிக்கொண்டதாக நோட்டில் கையெழுத்துப் போடுவோம். சுவரில் பலகையும் உண்டு: "காதுமூடி அணியாதவருக்கு ஏற்படும் கேட்டுக்கு அவரே பொறுப்பு."

இந்த ஆள் ஒரு காதை மட்டும் மூடிவிட்டு இன்னொன்றைத் திறந்தே வைத்திருந்தார். இப்போது அவருக்குக் காது கேட்கவில்லை. பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எந்தப் பாக்கியும் இல்லை, எந்த வழக்கும் போடமாட்டேன் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா, கேஸ் ஏதாவது நிற்குமா என்று அவர் கேட்கச் சொன்னார். நேரம் கிடைக்கும்போது எழுது. அவசரம் இல்லை.

அண்ணன்

*

ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

முதல் முறையாக நீ என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறாய்! சின்ன வயதிலிருந்து "உனக்கு என்ன தெரியும், சும்மா இரு" என்பதைத்தான் கேட்டிருக்கிறேன். இப்போது உட்கார்ந்து படி.

கேஸ் நிற்காது. போன வாரம்தான் நடத்தினார்கள். ஆபத்து என்று தெரிந்து, தானே விரும்பி ஏற்றுக்கொண்டவன், பிறகு ஐயோ அடிபட்டதே என்று வழக்குப் போட முடியாது. குத்துச்சண்டைக்குப் போனவன் மூக்கு உடைந்தது என்று அழ முடியுமா? உன் ஆளுக்குச் சத்தம் தெரியும். காதுமூடி கொடுத்தார்கள், அதற்குக் கையெழுத்தும் இருக்கிறது. பலகை இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் காதைத் திறந்து வைத்தால் அது அவருடைய சொந்தச் சம்பாத்தியம். அப்படியே வழக்குப் போனாலும், உன் கவனக்குறைவும் சேர்ந்தது என்று சொல்லித் தொகையைப் பாதியாக வெட்டுவார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொடுத்த பேக்கிங் வேலையைப் பார்க்கச் சொல்.

படித்துப் படித்துச் சொன்னாலும் கேட்காத ஆளுக்கு யார் என்ன செய்ய முடியும்? நீயாவது ஒழுங்காக இரண்டு காதையும் மூடுகிறாயா?

இது பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்வி. எனக்கு ஒன்பதாவது போடுவார்கள்.

உன் வக்கீல் (பாதி)

*

ஜூலை 11

ரேடியோவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. தெளிவாக எழுதியிருக்கிறாய். அவரிடம் சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 28

அண்ணாவுக்கு,

நீ நலமா என்று கேட்கிறேன், பதில் வரும் என்று நம்பிக் கேட்கவில்லை. எனக்கு ஜலதோஷம், கோபம், இரண்டும் இருக்கிறது.

ஏழு வாரமாயிற்று. மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. போனில் அண்ணி, "குளிக்கிறார்" என்பதை விட்டுவிட்டு இப்போது "கடைக்குப் போயிருக்கிறார்" என்கிறார். நீ அவ்வளவு கடைக்குப் போனால் அங்கேயே ஒரு கட்டில் போட்டுக்கொள்ளலாம். உனக்கு எழுதுவதும் செவிடன் காதில் சங்கு ஊதுவதும் ஒன்றுதான்.

சரி, எழுத வேண்டிய விஷயம் வேறு. இன்றைக்கு வகுப்பில் மானம் போயிற்று. ஆபத்தை விரும்பி ஏற்பதற்கு உதாரணம் கேட்டார் மேடம். நான் பெருமையாக எழுந்து உன் டப்பா மூடி ஆளின் கதையைச் சொன்னேன். கையெழுத்து, பலகை, திறந்த காது, கேஸ் இல்லை.

"அப்புறம்?" என்றார்.

"அவ்வளவுதான் மேடம்."

"ஒரு பக்கம் மூடினவன் இன்னொரு பக்கம் ஏன் மூடலை? சோம்பேறியா இருந்தா ரெண்டையும்ல கழட்டியிருப்பான்?"

நான் நோட்டைப் புரட்டினேன்.

"ஒரு காதைத் திறந்து வெச்சான், சரி. ரெண்டு காதும் எப்படிப் போச்சு? யாராவது திறக்கச் சொன்னாங்களா? திறக்கலைன்னா வேலை போகுமா? ஆபத்து இருக்குன்னு தெரியறது வேற, அதுக்குச் சம்மதிக்கறது வேற. சோத்துக்காகத் தினமும் அந்த இடத்துல நிக்கறவன் சம்மதிச்சுத்தான் நிக்கறான்னு யாரும்மா உனக்குச் சொன்னது? எதையும் விசாரிக்காம தீர்ப்பு எழுதிட்டியே, நீ நேரா நீதிபதியாவே ஆகிடலாம்."

வகுப்பே சிரித்தது. நான் உட்கார்ந்தேன். நான் உனக்கு எழுதியது தப்பு, அண்ணா. அவசரப்பட்டுவிட்டேன். அந்த ஆளைக் கையெழுத்துப் போடாமல் இருக்கச் சொல். ஏன் ஒரு காதைத் திறந்து வைத்தார், இன்னொரு காது எப்படிப் போயிற்று, இரண்டையும் கேட்டு உடனே எழுது. உடனே என்றால் உடனே.

ரேடியோ

*

செப்டம்பர் 10

ரேடியோவுக்கு,

இங்கே சுகம். ஜலதோஷத்துக்கு ஆவி பிடி. சங்கு நன்றாகத்தான் ஊதுகிறாய்.

நீ கேட்டதற்குப் பதில். பிரஸ் ஓடும்போது ஒரே மாதிரி டங்கு டங்கு என்று கேட்கும். மூடி வெட்டுகிற இரும்பு அச்சில் விரிசல் விடப்போகிறது என்றால் அதற்கு அரை மணி முன்னால் அந்தச் சத்தம் மாறும். டக் என்று கொஞ்சம் காய்ந்த மாதிரி வரும். அதைக் கேட்டு நிறுத்திவிட்டால் அச்சு பிழைக்கும். கேட்காமல் விட்டால் அச்சு உடையும், இரண்டு நாள் வேலை நிற்கும், நிறுத்தாத ஆளுக்கு மெமோ. காதுமூடி போட்டால் இந்த வித்தியாசம் தெரியாது. அதனால் போர்மேன் புது ஆள் வந்த முதல் நாளே சொல்வார்: "ஒரு காதைத் திறந்து வை." பிரஸ் பிரிவில் பதினோரு பேர், எல்லோரும் அப்படித்தான். ஆபீசிலிருந்து யாராவது பார்க்க வந்தால் விசில் அடிப்பார், இரண்டு காதையும் மூடிக்கொள்வோம். இதெல்லாம் முதல் கடிதத்தில் எழுதவில்லை. போர்மேன் நல்ல மனுஷன், அவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும் என்று விட்டுவிட்டேன். நீயும் கேட்கவில்லை.

மற்றவர்கள் வாரத்துக்கு ஒரு காது என்று மாற்றி மாற்றித் திறப்பார்கள். இந்த ஆளால் மாற்ற முடியவில்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்து அவருக்கு ஒரு பக்கம் ஏற்கெனவே போய்விட்டது. நல்ல காதைத் திறந்தால்தானே சத்தம் தெரியும்? செத்த காதை மூடி, நல்ல காதைத் திறந்து வைத்தார். பத்தொன்பது வருஷம்.

கையெழுத்து ஜூலையிலேயே போட்டாயிற்று. முடிந்த விஷயம். நீ பரீட்சைக்குப் படி.

அண்ணன்

*

செப்டம்பர் 14

அண்ணா,

அந்த ஆள் நீதானே?

உனக்கு எட்டு வயதில் காய்ச்சல் வந்து இடது காது போயிற்று. நான் நடை பழகிய நாளிலிருந்து உன் வலது பக்கம்தான் நடக்கிறேன். சைக்கிளில் முன்னால் உட்கார்ந்தாலும் வலது பக்கம் திரும்பித்தான் உன்னிடம் பேசுவேன். ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் "ஒரு காது" என்று நீ எழுதிய அன்று எனக்கு உறைக்கவில்லை. நீ போனுக்கு வராதபோதும் உறைக்கவில்லை. சங்கு ஊதுகிறேன் என்று வேறு எழுதினேன். என் கையை உடைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஏன் சொல்லவில்லை? யாரோ ஒரு ஆள், யாரோ ஒரு ஆள் என்று என்னை ஏன் பைத்தியக்காரி ஆக்கினாய்? நீ என்று தெரிந்திருந்தால் பத்து மதிப்பெண், ஒன்பது மதிப்பெண் என்று எழுதியிருப்பேனா?

கோபமாக வருகிறது. உன் மேல் பாதி, என் மேல் பாதி. பதில் எழுது. நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

*

செப்டம்பர் 21

பாப்பாவுக்கு அண்ணி எழுதறது.

எனக்கு உங்க ரெண்டு பேர் மாதிரி கோவையா எழுத வராது. பேசற மாதிரியே எழுதறேன், தப்பா எடுத்துக்காதே. முழங்கால் பரவாயில்லை. நீ சாப்பிடறியா?

ஆமாம், அவர்தான். மே மாசம், நீ விடுதிக்குப் போன மறு வாரமே முழுசாப் போயிடுச்சு. அதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருந்தது, நான்தான் கவனிக்காம "கூப்பிட்டா திரும்பறதில்லை, அவ்வளவு திமிரு"ன்னு திட்டிட்டிருந்தேன். ஒரு நாள் கம்பெனில பாரவண்டி பின்னாடி வந்திருக்கு. ஹாரன் அடிச்சும் இவர் நகரலை. பக்கத்துல இருந்தவர் சட்டையைப் பிடிச்சு இழுத்ததால உயிரோட இருக்கார். அதுக்கப்புறம்தான் டாக்டர்கிட்ட போனோம். காதுல மெஷின் வெச்சாலும் பிரயோஜனம் இல்லைன்னுட்டாங்க.

உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். "படிப்பை விட்டுட்டு ஓடி வந்துடுவா, அவளைத் தெரியாதா எனக்கு"ன்னார். அதனாலதான் குளிக்கறார்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு. நீ போன் பண்ணும்போதெல்லாம் பக்கத்துலதான் உக்காந்திருப்பார். நான் வெச்சதும் "என்ன சொன்னா?"ன்னு சிலேட்டை நீட்டுவார். நீ திட்டினதை எழுதினா சிரிப்பார்.

ஆனா ஒண்ணு சொல்லணும், மனசு கேக்கலை. உன் ஜூலை லெட்டரை அவர் சட்டைப் பையிலேயே வெச்சிருந்தார். என் தங்கச்சி வக்கீலுக்குப் படிக்கிறா, எப்படி எழுதியிருக்கா பாருங்கன்னு பிரஸ்ல இருக்கற பத்து பேருக்கும் காட்டினார். அவங்களுக்கும் காது அரையும் கொறையுமாத்தான் இருக்கு. போர்மேனும் வாங்கிப் படிச்சுட்டு, "பாத்தீங்களா, வக்கீலே சொல்லிட்டாங்க"ன்னாராம். பதினோரு பேரும் அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டுட்டாங்க.

உன்னைக் குத்தம் சொல்லலைம்மா. தெரியணும்னு எழுதினேன். அவரைத் திட்டி எழுதாதே.

அண்ணி

*

அக்டோபர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணி கடிதம் கிடைத்தது. இப்போது நலம் என்று சொல்லிக்கொள்கிறேன். திட்டக்கூடாது என்று அண்ணி உத்தரவு, அதனால் திட்டவில்லை. வந்து திட்டுகிறேன்.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அண்ணாவுக்கு வீட்டுக் கடிதமாகத்தான் மேடம் எழுதினேன், பதினோரு பேருக்கு எழுதவில்லை" என்றேன். "அப்புறம்?" என்றார். முதல் மாதம் நடத்திய பாடமே அதுதானே: நான் செய்வது யாரைத் தொடும் என்று யோசித்துப் பார்த்தால் தெரியுமோ, அவர்கள் எல்லோரிடமும் எனக்குக் கவனக் கடமை உண்டு. என் சொல்லை ஒருவர் நம்பி நடப்பார் என்று தெரிந்தே சொன்னால், சொல்லிலும் கவனம் வேண்டும். நான் பாதி வக்கீல் என்று கையெழுத்துப் போட்டேன், அண்ணா. நீ முழுசாக நம்பினாய்.

இதோடு தனித்தாளில் ஒன்று வைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அந்தச் சுவர்ப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டு.

"பிரஸ் பிரிவினருக்கு. ஜூலை 2 அன்று நான் எழுதிய கடிதம் தவறு. விசாரிக்காமல் எழுதினேன். ஆபத்து உங்களுக்குத் தெரியும் என்பதால் நீங்கள் அதற்குச் சம்மதித்தீர்கள் என்று ஆகாது. காதைத் திறக்கச் சொன்னது மேலதிகாரியாக இருந்தால், அவர் வேலைக்காகச் சொன்னதற்குக் கம்பெனியும் பதில் சொல்ல வேண்டும். ஒருவருக்கு முன்பே ஒரு காது கேட்காமல் இருந்தாலும் பொறுப்புக் குறையாது. தீங்கு செய்தவர், பாதிக்கப்பட்டவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே அவரை ஏற்க வேண்டும். தவறான ஆலோசனையை நம்பிப் போட்ட கையெழுத்தை எதிர்த்துப் பேச வழி உண்டு. ஜெயிக்கும் என்று நான் சொல்லமாட்டேன், இனி எனக்குத் தெரியாததைச் சொல்லமாட்டேன். ஆனால் காலவரம்பு இருக்கிறது, தாமதித்தால் கதவு மூடிவிடும். எங்கள் ஆசிரியர் உங்கள் கதையைக் கேட்க வருகிறார். அவர் முழுவதும் கேட்பார்."

கீழே என் பெயரையும், சட்டம் முதலாம் ஆண்டு மாணவி என்பதையும் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.

உன் தங்கை

*

நவம்பர் 18

ரேடியோவுக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே சுகம். பொய்யில்லை, நிஜமாகவே சுகம். அண்ணி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள், உனக்கு எழுதச் சொன்னாள்.

காகிதத்தை ஒட்டினேன். போர்மேன் கிழித்தார். அண்ணி பிரதி எழுதிக் கொடுத்தாள், மறுபடி ஒட்டினேன். நாலு தரம் கிழித்தார், அஞ்சாம் தரம் விட்டுவிட்டார். உன் மேடம் வந்தார். பேக்கிங் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டார். என்னிடம் சிலேட்டில் கேட்டார். எல்லாம் சொல்லி முடித்தேன் என்று நினைத்தபோது ஒரு வார்த்தை எழுதி நீட்டினார். என்ன வார்த்தை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மேடம் போர்மேனைக் கேட்டதற்கு, "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றார். எனக்குச் சத்தம் வரவில்லை, உதட்டைப் பார்த்தே புரிந்தது. பத்தொன்பது வருஷம் பழகிய உதடு. எனக்குக் காது போனபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. பதினோரு பேரில் இரண்டு பேர் பயந்து ஒதுங்கிவிட்டார்கள். ஒன்பது பேர், அவர் சொன்னார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். காலவரம்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது வழக்குப் பதிவாகிவிட்டது. போர்மேன் நகல் எடுத்து வைத்திருந்த உன் ஜூலைக் கடிதத்தைத்தான் கம்பெனி வக்கீல் முதல் ஆவணமாகக் காட்டுகிறாராம். எத்தனை வருஷம் இழுக்குமோ. இப்போது பிரஸ்ஸில் எல்லோரும் இரண்டு காதையும் மூடுகிறார்கள். அச்சு வாரம் ஒன்று உடைகிறது.

நீ கேட்டாய், ஏன் சொல்லவில்லை என்று. நீ படிப்பை விட்டுவிடுவாய் என்பது அண்ணியிடம் சொன்ன காரணம். நிஜக் காரணம் வேறு. உன் ஜூலைக் கடிதத்தைப் படித்தபோது, எல்லாம் என் தப்புத்தான் என்று நானும் நம்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

அது போகட்டும். இந்த ஞாயிறு போன் செய். நான் எடுக்கிறேன். நீ பேசினால் எனக்குக் கேட்காது, ஆனால் நான் பேசினால் உனக்குக் கேட்கும் இல்லையா? பிறந்ததிலிருந்து நீ பேசி நான் கேட்டேன். இந்த அஞ்சு நிமிஷமும் நான் பேசுகிறேன், நீ கேள். நடுவில் வாயைத் திறக்காதே. திறந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை, ஆனாலும் திறக்காதே. உன் பின்னால் நிற்கிற பதினாறு பெண்களிடமும் முன்கூட்டியே சொல்லி வை.

சனிக்கிழமையே குளித்துவிடுகிறேன்.

அண்ணன்